பூஜையில் இருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனர்

கார்த்திகேசன் வீட்டில் அந்த வருஷ ஆயுத பூஜை ஒரு சண்டையோடு தொடங்கியது. அவனுடைய பி.காம். புத்தகங்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த அம்மா சம்பூர்ணம், பக்கத்தில் அவன் பரப்பிய ஸ்பேனர்களைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"கையில கிரீஸ் மசி ஆவக் கூடாதுன்னுதான் உன்னப் படிக்க வெச்சது. இத்தப் போயி சாமி முன்னாடி வெக்கிறியே."

"வண்டிய நான்தானேம்மா சர்வீஸ் பண்றேன்? அப்ப இதுவும் என் ஆயுதந்தான்."

கோலார் தங்கவயலில் அப்பா கோவிந்தனும் அவருடைய அப்பாவும் சுரங்கத்துக்குள் இறங்கிப் பிழைத்தவர்கள். சுரங்கம் மூடிய பிறகு குடும்பம் பெங்களூர்ப் பக்கம் சந்தாபுராவுக்கு வந்தது. கார்த்திகேசன்தான் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுவான். ஞாயிற்றுக்கிழமையானால் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டீசல் இண்டிகா காருக்கு அடியில் கிடப்பான். வண்டியின் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல அடிக்கோடு போட்டு வைத்திருந்தான். ஆயில் மாற்றுவான், பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான். இது தனக்கு வருகிற வேலைதானா, இல்லை புத்தகத்தைப் பார்த்து நடிக்கிறோமா என்ற சந்தேகம் மட்டும் எந்த போல்ட்டை முறுக்கினாலும் கூடவே வரும்.

நேற்றுச் சாயங்காலம் டீசல் ஃபில்டரை மாற்றினான். அந்தக் கையோடு ஸ்பேனர்களைக் கழுவித் துடைத்தான். இன்று அவை பூஜையில் ஏறிவிட்டன. பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது.

வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கோவிந்தன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிட்டார். தெருவே நின்று பார்த்தது. சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது, ஒரு சாண் நகர்ந்தது, பழத்தைத் தொட்டு அப்படியே நின்றுபோனது. மறுபடி திருப்பினான். சுற்றியதே தவிர எடுக்கவில்லை.

எதிர்வீட்டுக் கன்னடக்காரர் கிருஷ்ணப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார். "ஏனப்பா கார்த்தி, இந்தக் கேள்வி எக்ஸாம்ல வரலியா? நாலு பேரு சேர்ந்து தள்ளலாமா? பழம் நசுங்குனா ஆச்சு."

"தள்ளிக்கினு போறதுக்கு எதுக்குடா பூஜ?" என்றார் கோவிந்தன், சீட்டை விட்டு அசையாமல்.

கார்த்திகேசன் பானெட்டைத் திறந்தான். பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஃபில்டரை மாற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும். மேலே இருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி அந்தக் காற்றை எடுக்க வேண்டும். அந்த வரிக்கு இரண்டு அடிக்கோடு போட்டவன் அவன்தான். படித்தது தலையில் இருந்தது, நேற்று கைக்கு வரவில்லை. காது சுட்டது.

"ஏர் புடிச்சிருக்கு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேணும்."

கிருஷ்ணப்பா தொண்டையைச் செருமினார். "நம்ம மனேலயும் எல்லாம் பூஜைலதானே இருக்கு. நாளைக்குத்தான் எடுக்கணும்."

அம்மாவின் கையிலிருந்த ஆரத்தித் தட்டில் சூடம் அணையப்போனது. சம்பூர்ணம் மகனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. தட்டைக் கிருஷ்ணப்பாவின் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, குங்குமப் பொட்டு வைத்த ஸ்பேனர்கள் அத்தனையும் முந்தானையில் இருந்தன.

"எது பத்துன்னு எனக்குத் தெரியாது. நீயே பாத்து எடு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

போல்ட்டைத் தளர்த்தினான். "இத்த அழுத்தும்மா" என்றதும் பட்டுப்புடவையோடு குனிந்து கைப்பம்பை அவளே அழுத்தினாள். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி. கார்த்திகேசன் போல்ட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் குமிழியே இல்லாமல் தெளிந்த டீசல் வழிந்தது. போல்ட்டை இறுக்கினான். இந்த முறை அந்தச் சந்தேகம் கூடவே வரவில்லை.

சாவியைத் திருப்பினான். இரண்டு சுற்று சுற்றி, கரும்புகையோடு வண்டி எடுத்துக்கொண்டது. நான்கு பழமும் நசுங்கின. கோவிந்தன் ஜன்னல் வழியாகக் கிருஷ்ணப்பாவுக்கு ஒரு சலாம் வைத்தார். சம்பூர்ணம் ஓடிவந்து பின்கதவைத் திறந்து ஏறினாள்.

கண்ணாடியில் பார்த்தான். "அம்மா, கையெல்லாம் மசி."

"இருக்கட்டும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."