எழுதாமல் விட்ட விலாசம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தல் வந்தபோது, அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் அபாயாவை அயன் செய்துகொண்டிருந்தேன். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி என்று ஆண்களின் பெயர்களாகவே வந்தன. கடைசியில் சொன்ன பெயரைக் காற்று எடுத்துப் போய்விட்டது. வழக்கம்போல் "இன்னா லில்லாஹி" சொல்லிவிட்டு அபாயாவின் கையைத் திருப்பிப் போட்டேன். சற்று நேரத்தில் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "கேட்டீங்களா, புள்ள? நம்மட சுஹைறா ராத்தா." ஓம், கேட்டேன் என்றேன். வைத்துவிட்டு மற்றக் கையையும் அயன் செய்து முடித்தேன். ஏன் முடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

மூன்று நாள் காய்ச்சல். நாற்பத்து நான்கு வயது. மையித்து வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் சுவரோரம் அமர்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தாவை அறிந்த உங்களில் சிலர் என்னை அங்கே கண்டிருப்பீர்கள்; கல் நெஞ்சுக்காரி என்றும் நினைத்திருப்பீர்கள். அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு கணவனை இழந்த பெண்களுக்கு உதவுவதற்காகக் கல்முனையில் தொடங்கிய சிறிய அலுவலகத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். ராத்தா வீடு வீடாகப் போய்வரும் வெளிக்கள உத்தியோகத்தர். நான் கணினி வேலைக்கு. எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அலுவலகம் நம்பியது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது என்பதை ராத்தா மட்டும் முதல் நாளே கண்டுகொண்டார். கூட்டங்களில் என் பக்கம் கேள்வி திரும்பினால், "அவ எழுதித் தருவா சேர்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றுவார். கணினியை மட்டும் அவர் தொட்டதில்லை. "அது உங்கட அடுப்பு. நான் கை வெக்க மாட்டன்."

அந்த அடுப்பில் நான் செய்த பிழையைத்தான் சொல்ல வேண்டும்.

இணையத்தில் பக்கம் கட்டித் தரும் இலவசச் சேவை ஒன்றில் அலுவலகத்துக்கு ஒரு கணக்குத் திறந்தேன். எவரும் பார்க்கக்கூடிய பக்கத்தில் உடைந்த வீடுகள், தையல் வகுப்புகளின் படங்கள். கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாத இன்னொரு பக்கத்தில், நாங்கள் உதவிய பெண்களில் ஒன்பது பேருடைய விலாசங்கள். அவர்கள் இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது. ஒருத்தி கணவனின் தம்பிக்குப் பயந்து ஒளிந்திருந்தாள். இன்னொருத்தி திருக்கோவில் பக்கத்துத் தாய். இயக்கம் சண்டைக்குப் பிடித்துப்போன அவளுடைய மகள் தப்பி வந்து, ஆலையடிவேம்பில் உறவினர் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக்கு நாங்கள் தையல் மெசின் அனுப்பியிருந்தோம். அதனால்தான் விலாசம் எங்களிடம் வந்தது.

கணக்குத் திறந்த அன்று அந்தச் சேவை ஒரு இரகசியக் கேள்வியும் கேட்டிருந்தது. கடவுச்சொல் மறந்துபோனால் அதற்குப் பதில் சொல்லி உள்ளே வரலாம். உங்கள் தாயின் குடும்பப் பெயர் என்ன என்பது கேள்வி. எங்கள் பெண்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது குடி, அதாவது தாய்வழிக் குலம். ஆகவே என் குடியின் பெயரை எழுதினேன். பொருத்தமில்லாத எதையாவது எழுதினால் பொய் சொன்ன குற்றம் சேரும் என்றும் நினைத்தேன்.

யுத்தம் முடிந்தும் இயக்கத்தில் இருந்தவர்களைத் தேடுவது முடியவில்லை. சில மாதங்களின் பின் ஒருநாள் காலை, என் மின்னஞ்சலுக்கு ஓர் அறிவித்தல் வந்திருந்தது. இரகசியக் கேள்விக்குச் சரியான பதில் தரப்பட்டதால் கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது என்றது அது. நான் மாற்றவில்லை. பழைய கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தேன், திறக்கவில்லை. நடந்ததையும், பதிலாக என் குடியை எழுதியிருந்ததையும் ராத்தாவிடம் சொன்னேன்.

"அல்லாவே! கல்யாணப் பேச்சு வந்தா முதல்ல கேக்கிறதே குடியத்தானே, புள்ள. உங்களுக்கு மாப்புள பாத்த வீடெல்லாத்துக்கும் இந்தப் பூட்டு தொறக்குமே."

சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஆரு செஞ்ச எண்டு பொறகு பாப்பம். உள்ளுக்குள்ள ஆரு ஆரு இருக்காங்க? ஒண்டொண்டாச் சொல்லுங்க." ஒன்பது பெயரையும் சொன்னேன். அவர் விரல் மடக்கி எண்ணினார்.

பணிப்பாளர் விசயத்தை வெளியே விட விரும்பவில்லை. "சேவைக்காரங்களுக்கு எழுதியிருக்குதானே. நாலஞ்சு நாள்ல கணக்குத் திரும்பக் கெடைக்கும். இத இப்ப போய்ச் சொன்னா எங்கள்ல இருக்கிற நம்பிக்க போயிடும்."

"நம்பிக்க போனாப் போகட்டும் சேர். புள்ள போகக் கூடாது."

"போன்லயாவது சொல்லுங்களன்."

"எழுதி வெச்சு ஒருக்காப் பிழச்சிட்டம். இத ஆளே போய்த்தான் சொல்லணும்."

அடுத்த அரை மணி நேரத்தில் நாங்கள் அக்கரைப்பற்று பஸ்ஸில் இருந்தோம். ஆலையடிவேம்பு வீட்டில் தாயும் வந்திருந்தாள். முற்றத்தில் நின்றபடியே ராத்தா எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தாய் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"விலாசம் எழுதி வைக்கச் சொல்லி நாங்களா கேட்டம்? மெசின் தாறம் எண்டு வந்து எழுதினீங்க. இப்ப அது போயிட்டு எண்டு வந்து நிக்கிறீங்க."

"ஓம் தங்கச்சி. பிழ எங்கடதான்."

எங்கட என்றார். குற்றவாளி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்று மட்டுமல்ல, பிறகு ஏறிய எட்டு வாசலிலும் அவர் அந்தச் சொல்லை மாற்றவில்லை. அலுவலகக் கூட்டத்தில் விளக்கம் கேட்டபோதும் மாற்றவில்லை.

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். இறக்காமத்தில் தன் தங்கையின் வீடு இருப்பதாகவும், வயலுக்கு நடுவில் இருக்கும் அந்த வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றும் ராத்தா சொன்னார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விசயம் இல்லை. அவர்களுடைய தமிழ் ஊர்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் நடந்தவை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"சோனக வீட்டில மாட்டிறைச்சி தின்னச் சொல்லுவாங்களா?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

"என்ட தங்கச்சி ஆக்கிற மீனையே ஆராலயும் தின்ன ஏலா. மாட்டுக்கு எங்க போற?" என்றார் ராத்தா. "யான வந்தா மட்டும் வெளிய ஓடாதீங்க. மத்ததெல்லாம் அவ பாத்துக்குவா."

அந்தத் தாய் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் மகளின் உடுப்புகளை ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்தாள். ராத்தா தன் கைப்பையிலிருந்து ஒரு பர்தாவை எடுத்து அந்தப் பிள்ளைக்குப் போட்டுவிட்டார். கல்முனையிலிருந்து புறப்படும்போதே அதை எடுத்து வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால். ஏறியிறங்கியவர்களுக்கு ஒரு ராத்தாவும் தங்கச்சியும்.

நாலாம் நாள் கணக்குத் திரும்பக் கிடைத்தது. பக்கத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை. உள்ளே வந்தவர் எதைப் பார்த்தார், எதை எழுதி எடுத்தார் என்று அறிய வழியில்லை. பத்தாம் நாள், ஆலையடிவேம்பு வீட்டுக்கு இரண்டு பேர் வந்து அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்களாம். அது எங்கள் பக்கத்திலிருந்து போன தகவலா, அயலில் யாராவது சொன்னதா, இன்றுவரை தெரியாது. தெரியாது என்பதோடுதான் நான் இருக்கிறேன்.

விலாசங்கள் எல்லாவற்றையும் அழித்தோம். ராத்தா பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து, ஒவ்வொன்றும் திரையிலிருந்து போவதைப் பார்த்தார். புதிய இரகசியக் கேள்விக்கு உண்மைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை எழுதச் சொன்னார். பொய்யல்லவா என்றேன். "மெசினுக்குச் சொன்ன பொய்க்கு மறுமைல கேள்வி வந்தா, என்னக் கூப்பிடுங்க. நான் கதைக்கிறன்." அந்த ஒன்பது வீட்டையும் அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் நாங்கள் எழுதவில்லை. சிலர் இடம் மாறினார்கள். மாறிய வீட்டுக்கு அவர் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். பஸ் நிற்கும் இடம், திரும்பும் ஒழுங்கை, கேற்றின் நிறம். "நான் இல்லாட்டி நீங்க போகணும்" என்று ஒருமுறை சொன்னார். லீவு எடுக்கும் நாட்களைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அந்தப் பிள்ளையைக் கண்டேன். இறக்காமத்திலிருந்து அவள் போய் வெகு நாளாகிறது. எங்கே இருக்கிறாள் என்று இங்கே எழுத மாட்டேன். தைத்துக்கொண்டிருந்தாள். என் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

"ராத்தா வரல்லியா?"

வழி முழுக்க ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "மௌத்தாகிட்டாங்க" என்றேன். அவள் சீலையை மெசினிலிருந்து எடுக்காமலே நூலை மட்டும் அறுத்தாள். "இனி ஆரு வருவாங்க?" என்று கேட்டாள்.

"நான் வருவன்."

அவள் தேத்தண்ணி போட எழுந்து போனாள். எனக்கு அங்கேயும் அழுகை வரவில்லை.

ராத்தாவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: ஒன்பது வீடுகளுக்குப் போகும் வழி. இப்போது அது எனக்கு மட்டுமே தெரியும். மூன்று வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மற்ற ஆறு வீட்டிலும் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.