நீர்நாய்க் குட்டியும் றசீது நானாவின் வலையும்

கிண்ணியாவுக்குப் போகும் வழியில் ஒரு குளக்கட்டில் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டு ஓட்டோவை நிறுத்தச் சொல்கிறேன். வலையில் ஒரு நீர்நாய்க் குட்டி சிக்கியிருக்கிறது. வலைக்காரர் இக்கரை முஸ்லிம் கிராமத்தவர்; றசீது நானா என்கிறார்கள். அவர் கத்தியால் வலையை அறுக்கிறார். அக்கரைத் தமிழ்க் கிராமத்தில் வயல் செய்யும் கமக்காரி செல்வி, ஈரச் சாக்கால் குட்டியை மூடிப் பிடித்திருக்கிறார். அது அவரைக் கடிக்கப் பார்க்கிறது.

"புது வலை போல கிடக்கு. வெட்ட மனம் வருதா, நானா?" என்று கேட்கிறேன்.

"வராதுதான். இதுகள் நம்மட மீனையும் தின்னுது. ஆனா குளம் ரெண்டு ஊருக்கும் பொது. நீர்நாய் பட்டா வலையை வெட்டுறதெண்டு கதைச்சு வெச்சிருக்கம்."

"நாங்களும் வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியை இப்ப குளத்தில கழுவுறேல்ல," என்கிறார் செல்வி.

சாக்கை எடுத்ததும் குட்டி தண்ணீருக்குள் பாய்கிறது. நாணலுக்குள் இருந்து கீச்சென்று ஒரு குரல் கேட்கிறது. குட்டி அந்தப் பக்கமே நீந்துகிறது.

"தாய் அங்கதான் நிக்குது," என்கிறார் செல்வி.

நானா தோணியில் ஏறிப் போய், நாணலோரம் கட்டியிருக்கும் மற்ற வலைகளையும் அவிழ்க்கத் தொடங்குகிறார்.