மேட்டுப் பந்தயத்துக்கு மாட்டுவண்டி

ஆஸ்பத்திரிக்கு அடியில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரத்தில் கனத்துப்போன படுக்கை விரிப்புகளை இயந்திரத்தின் வாயிலிருந்து அள்ள இரண்டு ஆள் வேண்டும் என்பார்கள். அவள் ஒருத்தியே அள்ளிப் போடுவாள். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. சைக்கிள் கிளப்பில் அவளுக்கு 'ரோடு ரோலர்' என்று பெயர். வைத்தவர் கிளப்பின் செயலாளர், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். முதல் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

அவள் ஓட்டுவது டைம் ட்ரையல். ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும், யார் முதுகுக்குப் பின்னாலும் ஒண்டக்கூடாது, போட்டி கடிகாரத்தோடு. அதற்கென்றே ஒரு சைக்கிள் வைத்திருந்தாள். முன்கைகளை ஊன்றிக் குனியக் கைப்பிடியில் நீளக் கம்பிகள், தட்டுபோல் மூடிய பின்சக்கரம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் கனம். சமதரையில் அவளை அசைக்க ஆள் கிடையாது.

அந்த வருடம் கிளப்புகளுக்கிடையிலான பந்தயத்தை மலைச்சாலையில் வைத்துவிட்டார்கள். கிளப்புக்கு மூன்று பெண்கள்; மூவரின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

"இந்தத் தடவை நீங்க தண்ணி பாட்டில் குடுக்கிற இடத்துல நில்லுங்கம்மா. மேடு ஏறணும்ல?" என்றார் செயலாளர், ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

"ஏறினா இறங்கவும்தானே சார் செய்யணும்?"

"வந்தே தீருவேன்னா கிளப்போட லேசான சைக்கிள எடுத்துக்குங்க. உங்க கனம் பத்தாதா, அந்த மாட்டுவண்டி வேறயா?"

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குச் சுரீரென்றது.

வீட்டில் பொரிந்து தள்ளினாள். கணவன் பள்ளி பஸ் ஓட்டுநர். எதையும் நிதானமாகக் கேட்பவன். "வாயால சண்டை போட்டு என்ன ஆகப்போகுது? ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துடு" என்றான். ஞாயிற்றுக்கிழமை இரவல் வேனில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அந்த மலைச்சாலைக்கே போனார்கள். லேசான சைக்கிளில் ஏற்றம் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மேடுகளுக்கு நடுவே நேரான இறக்கம், அப்புறம் ஏரிக்கரையை ஒட்டி எதிர்காற்றில் நீண்ட சாலை. மேட்டில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே பறிபோனது.

"மாட்டுவண்டியேதான்" என்றாள். ஏற்றத்தில் கால் திணறாமலிருக்கப் பின்னால் மட்டும் பெரிய பல்சக்கரம் மாட்டிக்கொண்டாள்.

பந்தயத்தன்று முதல் மேட்டிலேயே, அவளுக்குப் பின்னால் புறப்பட்ட ஒல்லிப் பெண் "வழி விடுங்க அக்கா!" என்று தாண்டிப் பறந்தாள். வளைவில் நின்ற செயலாளர் கையை வீசிக் கத்தினார்: "விடாதீங்க! மிதிங்க!"

"நான் பாத்துக்கறேன், நீங்க ஒதுங்குங்க!"

துரத்தினால் அங்கேயே குடல் வாய்க்கு வந்துவிடும் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தன் போக்கிலேயே ஏறினாள். உச்சி வந்ததும் எல்லாரும் ஒரு மூச்சு விட்டுக்கொள்வார்கள். அவள் அங்கேதான் அழுத்தினாள். இறக்கத்தில் உடம்பைச் சுருட்டிக்கொண்டாள். இத்தனை நாள் கேலிக்கு ஆளான கனம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. ஏரிக்கரைக் காற்றில் ஒல்லிப் பெண் தள்ளாடிக்கொண்டிருந்தாள். இவள் எட்ட விலகி அவளைத் தாண்டினாள். கடைசி மேட்டில் மிச்சம் மீதி எல்லாவற்றையும் கொட்டி, கோட்டைக் கடந்து புல்லில் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.

கிளப்பின் மூன்று பெண்களில் அவள் நேரமே குறைவு. கிளப்புக்கு இரண்டாம் இடம்.

"காத்து உங்களுக்கு வாகா அமைஞ்சுடுச்சு" என்றார் செயலாளர்.

"எல்லாருக்கும் அதே காத்துதானே சார் அடிச்சுது?"

அடுத்த மாதமே அவள் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். "கிளப் சைக்கிள் வேணும். மலை உச்சி வரைக்கும் ஒரு பந்தயம் இருக்குல்ல, அதுக்கு."

"அது ஏறிக்கிட்டே இருக்கிற ரோடும்மா. இறக்கமே கிடையாது!"

"அதனாலதான் லேசான சைக்கிள் கேக்கறேன்."

"கடைசியா வருவீங்க."

"வந்தா வந்துட்டுப் போறேன். ரோடு என்ன உங்க வீட்டு மாடிப்படியா? சைக்கிள் பூட்டுச் சாவிய எடுங்க."

அந்தப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தாள். முகம் செங்கல்போலச் சிவந்திருந்தது. கணவன் துண்டை நீட்டினான். அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த வருடத்துக்குப் பெயர் எங்கே கொடுக்க வேண்டும் என்று விசாரிக்கப் போனாள்.