ஒன்பதாம் பக்கம்

உலகத்தைப் புரட்டிப் போட்ட ஆவணங்கள் என்று பள்ளிப் புத்தகங்களில் ஒரு பட்டியல் இருக்கும். யார் எழுதினார், யார் கையெழுத்திட்டார், எந்த மண்டபம், எந்த மேசை, எல்லாம் இருக்கும். இரு நாடுகள் சண்டையை நிறுத்திக்கொண்ட இந்த ஒப்பந்தத்திலும் அப்படித்தான். கையெழுத்துப் போட்ட பேனாவைக்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தட்டச்சு செய்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. பேனாவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

அவரை அலுவலகமே 'அக்கா' என்றுதான் கூப்பிடும். பத்து வயது மூத்த செயலாளருக்கும் அவர் அக்காதான். இருபத்திரண்டு வருடமாக அவர் பிடிவாதமாகக் கடைப்பிடித்தது ஒன்று உண்டு: அடிப்பதைப் படிக்கக் கூடாது. படித்தால் விரல் தடுமாறும். போர் அறிவிப்பையும் விடுமுறைச் சுற்றறிக்கையையும் ஒரே முகத்தோடு அடித்தவர்.

அந்தப் போரில்தான் அவருடைய ஒரே தம்பி எல்லையில் இருந்தான். அம்மா போன பிறகு அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. கடைசிக் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அன்று காலை எட்டு மணிக்குச் செயலாளர் பதினான்கு பக்கக் கையெழுத்துப் படியைக் கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து. இரு நாட்டுக்காரர்களும் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மூலம், மூன்று நகல், நடுவே கார்பன் தாள்கள். எட்டுப் பக்கம் மளமளவென்று போனது.

ஒன்பதாம் பக்கத்தை உருவியபோதுதான் அக்கா கவனித்தார். கார்பனைப் புறம் மாற்றிச் செருகியிருந்தார். நகல்களின் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூலத் தாளின் முதுகில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நின்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்கூட இப்படிச் செய்ததில்லை. மனசு எல்லையில் இருந்தால் கை என்ன செய்யும்?

மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை விரலை நம்பாமல் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து அடித்தார். அப்படித்தான் படித்துத் தொலைத்தார். 'கையெழுத்தான மூன்றாம் நாள் சூரிய உதயம் முதல் சண்டை நிறுத்தம் நடைமுறைக்கு வரும்.'

பகீரென்றது. எல்லாம் முடிவான பிறகும் மூன்று நாள் சுட்டுக்கொள்ளலாமா? 'அன்றே' என்று அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஆசை வந்தது உண்மை, மறைப்பானேன். ஆனால் கொடுத்த தாளில் இல்லாத ஒரு புள்ளியைக்கூட அவர் வைத்தவரில்லை. எழுந்து செயலாளரிடம் போனார்.

"சார், இது ஏன் மூணு நாள்?"

செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அக்கா இதுவரை எதையும் கேட்டதே இல்லை.

"வழக்கமா அப்படித்தான் போடுறது அக்கா. பழைய ஒப்பந்தத்தைப் பார்த்துத்தானே எழுதினோம்."

"அது எந்தக் காலத்து ஒப்பந்தம்?"

"எண்பது வருஷம் இருக்கும்."

"அப்ப குதிரையில ஆள் போய்ச் சொல்லணும், மூணு நாள் ஆச்சு. இப்ப உங்க மேசையிலயே நாலு போன் இருக்கு. என் தம்பி அங்க இருக்கான் சார்."

பழைய கோப்பைப் பார்த்து எழுதுவது அந்த அலுவலகத்தின் ரத்தத்தில் ஊறியது. பேச்சுவார்த்தையில் பதினோரு நாள் தொண்டை கிழியக் கத்திய பெரிய மனிதர்களும் அந்த வரியை மட்டும் தொடவில்லை. செயலாளர் தாளை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை.

"இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணின்னு அடிங்க அக்கா. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க" என்றபடி வெளியே வந்தார் செயலாளர்.

ஒன்பதாம் பக்கம் மூன்றாம் முறையாக உருளையில் ஏறியது.

பத்து நாள் கழித்துத் தம்பியின் கடிதம் வந்தது.

'அக்கா, சண்டை நின்ன அன்னைக்குக் காலைலதான், மறுநாள் விடியக்காலைல எதிர்க் குன்றைப் பிடிக்கணும்னு உத்தரவு வந்துச்சு. முதல் வரிசைல நான். அன்னைக்கு சாயங்காலமே ஆறு மணிக்கு, சுடாதேன்னு போன் வந்துச்சு. எங்க நல்ல நேரம். கொஞ்ச நேரத்துல குன்று மேல இருந்தவங்களும் எழுந்து நின்னு கையாட்டினாங்க. எல்லாம் என் வயசுதான்.'

அக்கா உட்கார்ந்து அழுது தீர்த்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பதில் எழுதினார்: 'சந்தோஷம். ஒழுங்கா சாப்பிடு. லீவு கிடைச்சதும் கிளம்பி வா.'