மாவு மில் அக்காவின் அசல் சரக்கு

மாவு மில் அக்காவுக்கு வாய் நீளம், மூச்சுதான் குட்டை. முப்பது வருடம் மாவுத் தூசியில் நின்றதில் நுரையீரல் கெட்டிருந்தது. நாலு படி ஏறினால் ஐந்தாவது படியோடு மல்லுக்கட்டுவாள். தங்கை வீடோ, அடுத்த தெருவில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. தினமும் தங்கைதான் இறங்கி வந்து வம்பளப்பாள். அவளும் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். போன் இருக்கிறதுதான். ஆனால் முகத்தைப் பார்க்காமல் போடும் சண்டையும் ஒரு சண்டையா?

ஆஸ்பத்திரியில் எட்டு வார நடைப்பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, டிரெட்மில்லின் ஓடும் பட்டை மேல் நடக்க வேண்டும். ஆராய்ச்சிக்காகக் குழாயில் சிலருக்கு ஆக்ஸிஜன், சிலருக்குச் சாதாரணக் காற்று; யாருக்கு எது என்பது கடைசி நாளில்தான் தெரியும். அக்கா முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"எனக்கு அசல் சரக்குதான். உள்ள போறப்பவே ஜில்லுனு இருக்கு."

பக்கத்துப் பட்டையில் நடந்த ஓய்வுபெற்ற தபால்காரரைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "பாவம் சார் நீங்க, வெறும் காத்தை வச்சே ஓட்டுறீங்க."

"என் தலையெழுத்தும்மா," என்றார் அவர்.

முதல் வாரம் ஐந்து நிமிடம் நடந்தவள், எட்டாவது வாரம் இருபத்தைந்து நிமிடம் நடந்தாள். கடைசி நாள், பயிற்சி கொடுத்த பெண்ணிடம் கெஞ்சினாள்.

"இந்த சிலிண்டரை ஒரு மணி நேரம் குடும்மா. தங்கச்சியைப் பாத்துட்டு வந்துடறேன். இது இல்லாம எப்படிப் படி ஏறுவேன்?"

யாருக்கு எது என்று எழுதி ஒட்டியிருந்த உறையை அந்தப் பெண் பிரித்துப் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு வந்தது வெறும் காத்து. ஆக்ஸிஜன் சாருக்குத்தான்."

தபால்காரர் குனிந்து செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"அப்ப இவ்வளவு நாள் நான் நடந்தது?"

"உங்க காலுதான் நடந்துச்சு. நின்னு நின்னு ஏறுங்க. டாக்டரும் சரின்னுட்டார்."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னுவாங்க. நீங்க எட்டு வாரம் ஓட்டிட்டீங்களே!"

அந்தக் கோபத்தோடே தங்கை வீட்டுப் படியில் கால் வைத்தாள். முதல் மாடியில் நின்று ஆஸ்பத்திரியை மனசுக்குள் திட்டினாள். இரண்டாவது மாடியில் தபால்காரரை. அதற்கு மேல் திட்ட ஆள் இல்லை, பயம்தான் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி, சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் கிடந்த தங்கை வாயைப் பிளந்தாள். "யார் தூக்கிட்டு வந்தாங்க? அசல் சரக்குன்னு பீத்திக்கிட்டியே, அந்தக் குழாய் எங்கடி?"

பதில் சொல்ல மூச்சில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் நீ வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கே," என்று சொல்லிவிட்டு, தங்கை அழ ஆரம்பித்தாள்.