ஆறு வீடு, ஒரு வேலி

எந்த வீடும் இன்னொரு வீட்டின் காற்றை மறிக்காதபடி ஆறு வீட்டையும் தாளில் பொருத்திவிட்ட அன்று, சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவரைக் கூப்பிட்டு மூன்று தரம் காட்டினேன். மூன்றாம் தரம் அவர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

வீட்டுப் படம் கீறுவது என் தொழில். மன்னாரில் எத்தனையோ மதில்களுக்குக் கோடு போட்டவள் நான். இது அப்படியல்ல. தோட்டவெளி என்ற ஊரில் ஆறு குடும்பம் சேர்ந்து வாங்கிய காணி; அதில் ஒன்று எங்கள் குடும்பம். உப்பில்லாத தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. அதைச் சுற்றிப் பொதுத் தோட்டம். குளிக்கிற தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகும். கூரையில் சோலார், எல்லோருக்கும் ஒரே பம்ப். வைகாசியில் தொடங்கும் தென்மேற்குக் காற்றான சோளகம் ஒரு வீட்டு யன்னல் வழியே நுழைந்து வெளியேறி அடுத்த வீட்டுக்குள் போகும். பகலில் மின்விசிறியே வேண்டாம். ஒரேயொரு நிபந்தனை: வீடுகளுக்கு நடுவே வேலி கூடாது. ஒருவர் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்தாலும் பின்னால் இருப்பவர் வெந்துபோவார். ஞாயிறு பூசை முடிந்து வந்து எல்லோரும் ஓம், சரி என்றார்கள்.

வீடுகளுக்கு அளந்து முளை அடிக்கிற நாள் காலையில் ஓடாத குறையாகக் காணிக்குப் போனேன். கீரி என்ற ஊரிலிருந்து வந்த, கடற்றொழில் குடும்பத்து அக்கா எனக்கு முன்பே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சாக்கால் மூடிய ஒரு கட்டு. சாக்கைத் தூக்கினால் கிளுவங்கதியால், வேலிக்கு நடுகிற பச்சைத் தடிகள்.

“இதென்ன அக்கா?”

“சும்மா கொண்டு வந்தனான். ரோட்டில திரியிற கழுதை வந்து வாழைக் கண்டுகளைத் திண்டிடுமெல்லே.”

“கழுதை உங்கட வீட்டுக்கு மட்டுமோ வரும்?”

அவர் பக்கத்தில் கண் காட்டினார். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த, கல் கட்டுகிற மேசன் அண்ணனின் ஓட்டோவிலும் ஒரு கட்டு. மற்ற மூன்று வீட்டாரிடமும் அப்படியே. எங்கள் பக்கத்தில் காணி என்றால் முதலில் வேலி, பிறகுதான் வீடு. கதியால் ஊன்றாத நிலத்தைத் தன்னுடையது என்று யாரும் நம்பமாட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு நேரே போய்க் கதியால் வெட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. படத்தை மடக்குக் கதிரையில் விரித்து வைத்துக் கத்தினேன்.

“அப்ப காணியை ஆறு துண்டாப் பிரிச்சு எடுங்கோ. கிணத்தையும் ஆறாப் பிரியுங்கோ.”

மேசன் அண்ணன் இருமிக்கொண்டு ஓட்டோப் பக்கம் திரும்பினார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள்.

அக்கா படத்தின் மேல் குனிந்தார். “தங்கச்சி, கோவிக்காதேங்கோ. இந்தக் கோடு என்ன?”

“எந்தக் கோடு?”

“இது. உங்கட வீட்டைச் சுத்தி மட்டும் கிடக்கு.”

பார்த்தேன். மெல்லிய புள்ளிக் கோடு, நான்கு மூலையும் சரி. கீறியது நான்தான், கீறியதே தெரியாமல். நான் வளர்ந்தது தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில். அங்கே சேலைதான் சுவர். பக்கத்து அறைக்காரரின் இருமல் எங்கள் தலையணையில் கேட்கும். எனக்கென்று ஒரு வேலி வேண்டும் என்று பத்து வயதில் நினைத்தது இன்னும் கையில் இருந்திருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

“நானும் உங்கட ஆள்தான்” என்று சொல்லிச் சிவப்புப் பேனையால் அந்தக் கோட்டை வெட்டினேன்.

மேசன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். “அப்ப இவ்வளவு கதியாலையும் என்ன செய்யிறது, தங்கச்சி?”

“காணியைச் சுத்தி நடுங்கோ, கிடுகு கட்ட வேண்டாம். ஆறு வீட்டுக்கும் ஒரு வேலி, வாசலுக்கு ஒரு படலை. கழுதை வெளியில நிக்கட்டும்.”

மத்தியானத்துக்குள் நட்டு முடித்துவிட்டோம். யாருடைய தடி எது என்று இப்போது கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, எல்லாம் தளிர்த்துவிட்டன.

வீடுகள் எழும்பி, சோளகம் முதன்முதலாக உள்ளே வந்த பின்னேரம், யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு நான் குதித்த குதி கொஞ்சமல்ல. மேசையில் இருந்த படங்களெல்லாம் பறந்தன. காற்றோடு மேசன் அண்ணனின் இருமலும் வந்தது, பக்கத்தில் இருந்து இருமுவது போலவே. யன்னலைச் சாத்தக் கை போனது. பிறகு இருமலுக்குக் கொத்தமல்லி அவித்து எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன்.