வேன் மேல் ஓர் ஓலைக் குடிசை

அக்கா மகள் வயதுக்கு வந்த செய்தி கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு ஒரே தாய்மாமன் நான். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் என் வேனில் பச்சைத் தென்னை ஓலைகளைத் திணித்துக்கொண்டு, சனிக்கிழமை விடிந்ததும் பண்டார் தெங்காராவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பறந்தேன். மாமன் கட்டும் ஓலைக் குடிசையில்தான் பெண் உட்கார வேண்டும். சடங்கு முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது.

பெண்ணோ பேட்மிண்டன் மட்டையும் கையுமாக நின்றாள்.

"மாமா, இன்னிக்கு யோங் பெங்ல பேட்மிண்டன் போட்டி லா. ஸ்கூலுக்காக விளையாடுறேன். ஒளிஞ்சு உட்கார நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவளுடைய அத்தை, அதாவது என் மச்சானின் அக்கா, கதவை மறித்து நின்றார். "அலமாக்! தீட்டோட வெளிய போறதா? குடிசைக்குள்ளதான் இருக்கணும்."

என் அக்கா என்னையே பார்த்தாள். எனக்கு முன்கோபம் அதிகம். யாரிடம் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பிள்ளை கேட்டதில் நியாயம் இருந்தது. குடிசை கட்டும் ஆசையும் என்னை விடவில்லை.

விறுவிறுவென்று ஓலைகளை வேன் மேல் பரப்பி, பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கயிற்றால் கட்டினேன். "பாத்துக்குங்க, இதான் குடிசை. தாய்மாமன் கட்டினது. இதுக்குள்ளயே கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன்."

அத்தை கதவை விட்டு விலகினார்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடுகளுக்கு நடுவே ஓலை படபடக்கப் போனோம். எதிரே வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பெருமையில் நான் பாடவே தொடங்கிவிட்டேன். போட்டி நடக்கும் பள்ளிக்கூடம் தெரிந்ததும் அவள் என் தோளைத் தொட்டாள்.

"மாமா, ஓலைய எடுத்திடுங்க."

"ஏன், அழகாத்தானே இருக்கு?"

"அழகாத்தான் இருக்கு. ஆனா நான் ஒளிஞ்சு வரல. விளையாட வந்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. வண்டியை ஓரங்கட்டி அத்தனை ஓலையையும் அவிழ்த்தேன். அவளும் சேர்ந்து இழுத்தாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள், இரண்டாவதில் தோற்றாள். மொட்டை வேனில் வீடு திரும்பினோம். வாசலில் அத்தை உளுந்தங்களிக் கிண்ணத்தோடு காத்திருந்தார்.

"ஓலை எங்க?"

நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன், அத்தை," என்றாள் பெண்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"இவ்வளவு ரகளை பண்ணிட்டுத் தோத்துட்டா வர்றே?" கிண்ணத்தை அவள் கையில் திணித்தார். "நல்லா சாப்பிடு. அடுத்த தடவை ஜெயிச்சிட்டு வா."